அத்தியாயம் 6: 'வீட்ல சொல்லிடுவேன்'

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. அவளைக் காதலிப்பதாகச் சொன்னவன் அவள் கன்னத்தில் அறைந்திருக்கிறான், அவளுடைய படத்தைக் காட்டி மிரட்டுகிறான். ஆனாலும் அவள் வாய் திறப்பதில்லை. பயம்தான் காரணம். யாரிடம் பயம் என்று கேட்டால், பல வீடுகளில் விடை நமக்குச் சங்கடமானது. அவனைவிட அப்பாவுக்கும் அண்ணனுக்கும்தான் அவள் அதிகம் பயப்படுகிறாள். விஷயம் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும், போன் போய்விடும், வைகாசிக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் கையில் கத்தி வேண்டியதில்லை. "வீட்ல சொல்லிடுவேன்" என்ற ஒரு வரியே போதும்.

அந்த வரிக்கு வலு கொடுப்பவர்கள் பெற்றோராகிய நாம்தான். அதைப் பறிக்கவும் நம்மால்தான் முடியும். வளரிளம் பருவத்துக் காதலில் நடக்கும் வன்முறையைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். இந்த அத்தியாயத்தை நான் இந்த ஒன்றைச் சுற்றியே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற உதவிகள் எல்லாம் அவள் வாய் திறந்த பிறகுதான் அவளுக்குக் கிடைக்கும்.

ஒரு மாலையும் ஓர் இரவும்

அடி எடுத்த எடுப்பில் வருவதில்லை. இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து எழுதுகிறேன். ப்ளஸ் டூ படிக்கும் பெண், டியூஷன் முடிந்து பஸ் ஏறுகிறாள். "ஏறிட்டியா?" என்று மெசேஜ். இது அக்கறை. "சீட் கிடைச்சுதா? பக்கத்துல யாரு?" இதுவும் அக்கறை மாதிரிதான் இருக்கிறது. "போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்புகிறாள். பத்து மணிக்கு குட் நைட் சொல்கிறாள். பதினொன்றே முக்காலுக்கு, "தூங்கப் போறேன்னு சொன்னே, ஆன்லைன்ல யார்கூட?" கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டைத் தோழிக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். "ஸ்க்ரீன்ஷாட் போடு." போடுகிறாள். "மேல ஸ்க்ரோல் பண்ணிக் காட்டு." அதற்கு மேல் பதில் எழுதாமல் படுத்துவிடுகிறாள். காலையில் பார்த்தால் பதினான்கு மிஸ்டு கால். பள்ளிக்கூட வாசலில் ஒரு டெய்ரி மில்க்குடன் நிற்கிறான். "சாரி, உன்மேல இருக்கற பாசத்துலதான்."

தோழிகளிடம் சொன்னால், "ஏய், உன்மேல எவ்ளோ பொசசிவ் பாரு" என்று பெருமைப்படுகிறார்கள். நம் சினிமாவும் அதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. துரத்தித் துரத்திப் போனால் ஒரு நாள் அவள் சிரிப்பாள், அவள் 'இல்லை' என்றால் 'இன்னும் இல்லை' என்றுதான் பொருள். திரையில் இரண்டாம் பாதியில் டூயட் வந்துவிடுகிறது. தெருவில் அப்படி வருவதில்லை.

இதற்குப் பிறகு வருவது படிப்படியாக வரும். இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்பான். டீபியை மாற்றச் சொல்வான். எப்போதும் லைவ் லொகேஷன் போட்டு வைக்கச் சொல்வான். சுடிதாருக்குத் துப்பட்டா எப்படிப் போட வேண்டும் என்று அவன் தீர்மானிப்பான். ஒவ்வொரு தோழியாக வெட்டி விடுவான்: "அவகூடச் சேராத, அவ சரியில்ல." பிறகு ஒரு நாள் கையை முறுக்குவான், அல்லது பைக்கை வேகமாக ஓட்டிப் பயமுறுத்துவான், அல்லது தன் கையையே பிளேடால் கிழித்துப் படம் அனுப்பி "நீதான் காரணம்" என்பான். அடுத்த நாள் மறுபடி சாரி, அழுகை, பரிசு. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் வெளிவந்த தன் நூலில், கணவனிடம் அடிபடும் பெண்களின் வாழ்க்கையில் இந்தச் சுற்றைத்தான் விவரித்தார். இறுக்கம் கூடும், வெடிக்கும், பிறகு தேன் ஒழுகும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு முதல் சுற்றின் தேன் மட்டும்தான் நினைவில் நிற்கும். "நல்லாத்தான் இருந்தான், திரும்பவும் அப்படி ஆயிடுவான்" என்று காத்திருப்பாள். அவளை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நாற்பது வயதுப் பெண்களே அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

வீட்டில் உங்கள் கண்ணில் படுவது இதில் கால்வாசிதான். போன் ஒலித்ததும் முகம் வெளுப்பது, பதில் போடத் தாமதமானால் பதறுவது, எப்போதும் வரும் தோழி வராமல் போவது, வெயிலில் முழுக்கை, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலே காதல் விவகாரம் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து சில வாரம் நீடித்தால் பேச நேரம் வந்துவிட்டது.

பையன்களும் இதில் மாட்டுகிறார்கள். "செத்துடுவேன்" என்று மிரட்டும் பெண்ணுக்குப் பயந்து பரீட்சை எழுதாமல் போகிறவன் உண்டு. வீடியோ காலில் ஆசை காட்டி, பதிவு செய்து, பணம் பறிக்கும் கும்பலிடம் சிக்கிய பையன்கள் உண்டு. அவர்கள் பெண்களைவிடவும் மௌனமானவர்கள். கீழே 'அவள்' என்று நான் எழுதும் இடங்களில், பாதிக்கப்பட்டவன் உங்கள் மகனாக இருந்தால் 'அவன்' என்று மாற்றி வாசியுங்கள்.

முதல் கேள்வி

மகள் ஒருவனுடன் பழகுகிறாள் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்த ஆளுங்க?" இதை மறைத்துப் பயனில்லை. அந்தக் கேள்விக்குச் சாதகமான பதில் வந்தால் கோபம் பாதியாகிறது. வராவிட்டால் ரத்தம் கொதிக்கிறது. இரண்டு வழியிலும் கேட்க வேண்டிய கேள்வி தொலைந்துபோகிறது: "உன்னை எப்படி நடத்துறான்?" சொந்தச் சாதிப் பையன், முறைப்பையன், நாளைக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று கண்டுகொள்ளாமல் விடப்பட்டவனே அவளை அடித்துக்கொண்டிருக்கலாம். நாம் விரட்டத் துடிப்பவன் அவளைக் கண்ணியமாக நடத்துபவனாக இருக்கலாம். சாதியை மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்த இருவரையும் பிரித்தறியத் தெரியாது. அந்த வீட்டுப் பெண், அடி வாங்கினாலும் சொல்ல மாட்டாள். சொன்னால் அடியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நல்ல உறவு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். நீளமாக விளக்க ஒன்றுமில்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிகிறது. சண்டை போட்டாலும் பயம் வருவதில்லை. பழைய நண்பர்கள் இருக்கிறார்கள், மதிப்பெண் குறையவில்லை, அவரவர் போன் அவரவர் கையில். இதைப் பிள்ளைகள் முதலில் பார்க்கும் இடம் வீட்டுக் கூடம். அப்பா குரலை உயர்த்தியதும் அம்மா அடுப்படிக்குள் போய்விடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, அவன் குரல் உயரும்போது எதுவும் தவறாகப் படாது.

முன்கூட்டியே கொடுக்க வேண்டிய வாக்கு

எதுவும் நடக்காதபோது இதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் நல்லது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து அம்மா ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்; இரவு துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன். நீ பதிலு சொல்ல வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும்."

"என்னம்மா?"

"நாளைக்கு உனக்கு யாரையாச்சும் புடிக்கலாம். அது எங்களுக்குப் புடிக்காமப் போகலாம், நான் சண்டகூடப் போடுவேன். அது வேற. ஆனா எவனாச்சும் உன்னைய மெரட்டுனான், கை நீட்டுனான், போட்டோ வெச்சிருக்கேன்னு சொன்னான்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. உம் படிப்ப நிறுத்த மாட்டோம். போனப் புடுங்க மாட்டோம். அவசரமாக் கல்யாணம் பண்ணி வெக்க மாட்டோம். நீயே தப்புப் பண்ணியிருந்தாலும் சேரி, வந்து சொல்லு."

"அப்பா?"

"அப்பாகிட்ட நான் பேசிட்டேன் சாமி."

அந்த 'அப்பா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆகவே அப்பாவிடம் முதலில் உண்மையாகவே பேசியிருக்க வேண்டும். முடிந்தால் அவரே வந்து ஒரு வரி சொல்லட்டும். பெண்கள் அம்மாவின் வாக்கை நம்பினாலும், அம்மாவால் அதைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் சந்தேகப்படுகிறார்கள்.

வாக்கில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன, மூன்றையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: படிப்பு, போன், கல்யாணம். "எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லு" என்று பொதுவாகச் சொன்னால் அவள் காதில் விழாது. கல்யாணம் என்று நான் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. மிரட்டலிலிருந்து காப்பதாகச் சொல்லி, பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைப்பது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அவளுக்கு அது இரண்டாவது வன்முறை.

சொன்ன அன்று

அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். "அங்க ஏன் போனே?", "அப்பவே ஏன் சொல்லலே?" என்ற இரண்டு கேள்விகளையும் விழுங்கிவிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். "சொன்னியே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள். அடி பட்டிருக்கிறதா? நாளைக்கு எங்கேயாவது வரச் சொல்லியிருக்கிறானா? செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். கேட்பது அவளுக்கு ஆறுதலாகவே இருக்கும். 'ஆமாம்' என்றால் அன்றிரவு அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் ஆலோசகர்கள் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

செய்யக் கூடாதவை: மாமாக்களையும் அண்ணனின் நண்பர்களையும் திரட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவது; அவனுக்குப் போன் செய்து திட்டுவது; ஊர்ப் பெரியவர் முன் உட்கார வைப்பது. அவன் எச்சரிக்கையாகிவிடுவான், ஆதாரம் அழியும், அவள் பெயர் தெருவெல்லாம் பரவும். அவள் நம்பும் ஒரு பெரியவர், சித்தியோ அத்தையோ, தெரிந்திருந்தால் போதும்.

படம் வைத்திருப்பவன்

பொள்ளாச்சியை நினைவில் வையுங்கள். பழகி, நம்பவைத்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மீண்டும் மீண்டும் வரவழைத்த கும்பல் அது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டில் சொன்னார், வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள், புகார் போனது. அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காவல்துறையே வெளியிட்டது பெரிய அநியாயம். அதற்காக உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. உங்கள் மகள் தயங்கினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், அவன் கேட்கும் அடுத்த படத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். கோபத்தில் சாட்டை அழித்துவிட வேண்டாம். அவன் எண், தேதி, நேரம் தெரியும்படி மிரட்டல் மெசேஜ்களை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அவனுடைய ப்ரொஃபைல் லிங்க்கைக் குறித்து வையுங்கள். ஆதாரம் பத்திரமான பிறகு ப்ளாக் செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படமாக இருந்தால், அதை ஆதாரத்துக்காகக்கூட மாமாவுக்கோ வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புவதே சட்டச் சிக்கலாகும். போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள்.

சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் இருக்கின்றன. அந்த இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு. படம் வெளியாகிவிடும் என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உதவும். பதினெட்டு நிறைவதற்கு முன் எடுத்த படங்களுக்கானது அது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் அடையாளம் கண்டு நீக்குவார்கள். பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' இதேபோல் வேலை செய்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்டால் அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். இத்தகைய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள் கெடு வைத்தன.

விலகும் நாட்கள்

எல்லாவற்றிலும் ஆபத்தான காலம் அவள் விலகும் காலம்தான். 2022 அக்டோபர் 13-ஆம் தேதி பரங்கிமலை ரயில் நிலையத்தில், கல்லூரிக்குப் போகக் காத்திருந்த இருபது வயது மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றவன் அவருக்கு முன்பே அறிமுகமானவன். அவர் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பிரிந்துவிட்டாளே, இனி நிம்மதி என்று நாம் மூச்சு விடும் நாட்களில்தான் கவனம் கூட வேண்டும்.

"கடைசியா ஒரே ஒரு தடவை நேர்ல பேசணும்" என்பான். கூடாது. கோயில் வாசலிலும் கூடாது, தோழியோடும் கூடாது, காபிக் கடையிலும் கூடாது. அந்தக் கடைசிச் சந்திப்பு அவளுக்கு எதையும் தராது. அவனுக்கு ஒரு வாய்ப்பைத் தரும். விலகுவதை இரண்டு வரி மெசேஜில் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. அனுப்பும்போது வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். "நான் செத்துடுவேன்" என்று பதில் வந்தால் அவள் ஓட வேண்டாம். நீங்கள் 112-க்குச் சொல்லுங்கள். அவன் வீட்டாருக்குத் தகவல் போகட்டும். அவன் உயிரைக் காப்பாற்ற அதுதான் சரியான வழி.

அதே நாளில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அவன் லேப்டாப்பில் அவள் வாட்ஸ்அப் திறந்தே இருக்கக்கூடும். கூகுள் கணக்கில் வேறு எந்த போன் இணைந்திருக்கிறது, லொகேஷன் யாருக்குப் போகிறது, ஸ்னாப்சாட் மேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அவன் வாங்கிக் கொடுத்த போனோ, அவன் பெயரில் எடுத்த சிம்மோ இருந்தால் மாற்றிவிடுங்கள். சில வாரங்களுக்குப் போகும் வழியையும் நேரத்தையும் மாற்றி, துணைக்கு ஆள் அனுப்புங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒருவரிடமாவது அவன் படத்தைக் காட்டி வையுங்கள்.

பின்தொடர்வது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரையும், மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறை. போன், இணையம் வழியாகப் பின்தொடர்வதும் இதில் அடங்கும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். "எழுதி வாங்கிட்டோம், இனி வர மாட்டான்" என்று போலீஸ் சொல்லும் சமாதானத்தோடு திரும்பி வராதீர்கள். 181 பெண்கள் உதவி எண், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடும். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். இருவரும் ஒரே கல்லூரி என்றால் அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவிடமும் கொடுக்கலாம். அதற்கு மூன்று மாதக் கெடு இருப்பதை மறக்காதீர்கள்.

பதினெட்டுக்குக் கீழே என்றால்

பள்ளிப் பிள்ளைகளுக்கு 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வி உதவி எண். பாலியல் தொடர்பு இருந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். அந்தச் சட்டத்தில் பதினெட்டுக்கு உட்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. அறிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் பெற்றோருக்கும் அது பொருந்தும். ஆகவே, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மாணவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கதை கேட்கும் ஆசிரியர் அவளை ஏமாற்றுகிறார். "சில விஷயங்களை நான் மேல சொல்லியாகணும், அப்ப உன்கூடவே இருப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. வாக்குமூலம் வாங்கும் பெண் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, வீட்டுக்கே வந்து கேட்கலாம், அவள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். இவை அவளுடைய உரிமைகள். கருக்கலைப்புக்காகப் போகும் சிறுமியின் பெயரைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியது. இதை அறியாமல் பல குடும்பங்கள் போலி வைத்தியரிடம் ஓடுகின்றன.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விருப்பப்பட்டுப் பழகிய இரு பிள்ளைகளைப் பிரிக்கப் பெற்றோர் போக்சோவை ஆயுதமாக எடுப்பது நடக்கிறது. 2021 ஜனவரியில் அப்படியொரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய வளரிளம் பருவத்து உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றது. அடித்தவன் மீது, மிரட்டியவன் மீது இந்தச் சட்டம் உறுதியாகப் பாய வேண்டும். சாதிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அதைப் பிடித்தால் மிஞ்சுவது இரண்டு பிள்ளைகளின் நாசம்தான்.

செய்தவன் உங்கள் மகன் என்றால்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அடிக்கும் ஒவ்வொருவனும் யாரோ ஒரு வீட்டின் செல்லப் பிள்ளை.

புகாரோடு ஒரு பெண்ணின் தந்தை உங்கள் வாசலில் நின்றால், "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்று தொடங்காதீர்கள். "உங்க பொண்ண ஒழுங்கா வளங்க" என்பது அதைவிட மோசம். கேளுங்கள். அவன் போனில் அந்தப் பெண்ணின் படங்கள் இருந்தால், வழக்கு வந்துவிடுமோ என்று அழிக்கச் சொல்லவும் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம், வழக்கறிஞரிடம் போங்கள். அவனை அடிக்க வேண்டாம். கோபம் வந்தால் அடிக்கலாம் என்று அவன் எங்கோ கற்றிருக்கிறான். அதையே மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டாம்.

அவனிடம் பேச வேண்டியது இதுதான். ஒருத்திக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால் அது உனக்கு வலிக்கும், வலிக்கட்டும். அழு. அம்மா முன்னால் அழு, அப்பா முன்னால் அழு, அதில் ஓர் அவமானமும் இல்லை. ஆனால் அந்த வலிக்கு அவள் பொறுப்பில்லை. நண்பர்கள் கூட்டம் "விடாத மச்சி" என்று ஏற்றிவிடும் நாட்களில் அவனை வீட்டோடு வைத்திருங்கள், அல்லது சில வாரம் தாத்தா வீட்டுக்கு அனுப்புங்கள். குடி இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார், கட்டணம் இல்லை. முதல் இரண்டு முறை நீங்களும் கூடப் போங்கள்.

அவளுக்குக் கிப்ட் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யப் போகாதீர்கள். பெண் கேட்டுப் போய் விஷயத்தை முடிக்கவும் பார்க்காதீர்கள். அவனும் சில நாளில் மனம் திருந்தி, நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பலாம். அப்போதும் தடுத்து நிறுத்துங்கள். அவள் கேட்காத மன்னிப்பைச் சுமந்துகொண்டு அவன் அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது.